இல்லாத நாற்காலி

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு 'இடி டீச்சர்' என்று பெயர். வாயைத் திறந்தால் ஜன்னல் அதிரும். கண்ணை மறைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தெரியும், கணினி உருவாக்கிய பிள்ளைகளின் வகுப்பை அடக்கிப் பாடம் நடத்த வேண்டும், அதுதான் தேர்வு. இவள் கத்தக் கத்த அந்தப் பிள்ளைகளும் கத்தி, இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் கோட்டை விட்டால் ஆசிரியர் வேலை கிடையாது.

"அண்ணி, இன்னைக்காவது தொண்டையை வீட்டுல வெச்சிட்டு வந்தீங்களா?" என்றாள் கூடப் படிக்கும் நாத்தனார்.

"போடி, முதல்ல உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

கருவியை மாட்டியதும் பாலில் நனைத்தாற்போல் வெளிச்சம். அதில் இருபது பிள்ளைகள் மீன்குஞ்சுகளாய் மிதந்து திரிந்தன. ஒரே இரைச்சல். கத்த வந்த வாயை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் தெரிந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலி கருவிக்குள் மட்டும்தான் இருந்தது. தொப்பென்று தரையில் விழுந்தாள்.

"ஐயோ அண்ணி!"

இப்போது பிள்ளைகளின் முகங்கள் அவள் முகத்துக்கு நேரே இருந்தன. மேகங்கள் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாய் நெருங்கி வந்து, அவள் கண்ணையே பார்த்தன. இரைச்சல் ஓய்ந்தது.

"அடிபட்டுச்சாம்மா? எழுந்திருங்க, மறுபடி ஆரம்பிக்கலாம்," என்றார் தேர்வு நடத்திய பயிற்சியாளர்.

"மெதுவா பேசுங்க சார்," என்று கிசுகிசுத்தாள் இடி டீச்சர். "பிள்ளைங்க கேக்குறாங்க."

சம்மணமிட்டு, விதை மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். பயிற்சியாளர் 'தேர்ச்சி' என்று குறித்து, பேனாவைச் சத்தமில்லாமல் மூடினார். அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.