கோடித் துணிக்குப் பதில்

விடிந்ததும் எழுந்தேன். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து அடுப்பில் வைத்தேன். மோட்டார் போட்டேன். பல் தேய்த்தேன். மாடியில் தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் போய் நிறுத்தினேன். திரும்பி வருவதற்குள் பால் பொங்கியிருந்தது. துடைத்தேன். அம்மாவுக்குக் காப்பி கொடுத்தேன். குளித்தேன். சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் மனோஜ்குமாரின் பைக் நின்றது.

மனோஜ் என் மனைவியின் அண்ணன். கணபதி பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் அவளுக்குக் கருமாதி. பெண் வீட்டார் மருமகனுக்குக் கோடித் துணி எடுக்க வேண்டும். அதற்காக என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

மோகனப்பிரியாவுக்கு முப்பது முடியவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இதே போன்ற ஒரு காலையில்தான். மாடிப்படித் திருப்பத்தில் கிடந்தாள். தொட்டித் தண்ணீர் படியிறங்கி அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் மோட்டாரை நிறுத்தினேன். பிறகுதான் அவளைத் தூக்கினேன். ஏன் அந்த வரிசையில் செய்தேன் என்று தெரியவில்லை.

மனோஜிடம் வேட்டி வேண்டாம் என்றேன். ஹெட்போன் எடுத்துத் தரச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஊர்ச்சனம் சிரிக்குமுங்க மாப்ள."

சிரிக்கட்டும் என்றேன்.

அவள் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் என்ஜினியர். பழைய ரேடியோ வால்வுகளைத் தேடிப் பிடித்து, ஹெட்போனுக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தானே செய்தாள். அலுமினியத் தகட்டின் மேல் இரண்டு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் கனியும். என் ஹெட்போனை அதில் செருகியபோது பாட்டுக்கு அடியில் விடாமல் ஓர் இரைச்சல். குறை பெட்டியில் இல்லை, ஹெட்போனில் என்றாள். என்னுடையதன் மின்தடை முப்பத்திரண்டு ஓம். குறைந்தது முன்னூறு வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை. பம்பை வைத்து விளக்கினாள்.

"இது போர்வெல் பம்பு மாதிரிங்க. உசரத்துக்குத் தூக்கும், நெறையக் கொட்டாது. உங்க ஹெட்போனு அகல வாய்க்கா. அதுக்குப் பாய்ச்சி முடியுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போவதாக இருந்தோம்.

அவள் போன பிறகு மனோஜும் அந்த இரைச்சலைக் கேட்டார். எர்த் சரியில்லை, பிரித்து நாலு இடத்தில் ஈயம் வைத்தால் போதும் என்றார். நான் விடவில்லை. உள்ளே ஒவ்வொரு ஈயப் பற்றும் அவள் வைத்தது. தங்கச்சி செய்த பெட்டி இரைந்துகொண்டு கிடப்பதை அவராலும் பொறுக்க முடியவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டோம். புது ஹெட்போனிலும் இரைந்தால் அவர் பிரிப்பார். நான் தடுக்கக் கூடாது.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. விற்பனைப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று முப்பத்திரண்டு, மற்றது முன்னூறு. செல்போனில் செருகிக் காட்டினாள். முதலாவது அதிர்ந்தது. இரண்டாவது பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் இருந்தது. அதை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றும் சொன்னாள்.

மனோஜ் சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். அது இல்லாமல் அவர் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. முன்னூறு ஓம் ஹெட்போனின் செருகு முனையில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். அவர் பட்டறையில் நல்ல காயில், அதாவது கம்பிச் சுருள், நாலைந்து ஓம்தான் காட்டும். முன்னூறு காட்டினால் உள்ளே கம்பி போய்விட்டது என்று அர்த்தம்.

"அம்மணி, எரிஞ்ச காயில எங்க தலையில கட்டறீங்களே. பட்டறைக்கு வந்தா இத நான் எடைக்குத்தான் போடுவேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அதுதான் வேண்டும் என்றேன். போர்வெல், வாய்க்கால் என்று மோகனப்பிரியா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். மனோஜ் மீட்டரைப் பைக்குள் வைத்தார். அது யார் சொன்னது என்று கேட்கவில்லை.

கருமாதி முடிந்தது. பெரியவர்களின் திருப்திக்காகத் தட்டில் ஒரு துண்டு, அதன் மேல் ஹெட்போன் டப்பா. மனோஜ் துண்டை என் தோளில் போட்டு, டப்பாவைக் கையில் கொடுத்தார். மனோஜின் பெரியம்மா சாமியாத்தாள் ஏதோ முணுமுணுத்தார். அவர்தான் வந்தவர்களிடமெல்லாம், பிரியா கடைசியில் என் கையைப் பிடித்து அத்தையை, அதாவது என் அம்மாவை, பார்த்துக்கொள்ளச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது.

மனோஜ் அறைக்குள் வந்தார். கையில் திருப்புளி இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். அவர் உடனே ஹெட்போனைச் செருகப் போனார். கையைப் பிடித்தேன். வால்வு சூடாகும் முன் செருகினால் மின்சாரம் ஓர் அடி அடித்து ஹெட்போனின் காயில் கெடும். காத்திருந்தோம். ஆரஞ்சு கனிந்தது.

செருகினேன். பாட்டு எதுவும் போடவில்லை. காதில் மாட்டிச் சத்தத்தை முழுவதும் திருகினேன்.

ஒன்றுமே இல்லை. இரைச்சல் இல்லை. அவள் சொன்னதுதான் சரி. கழற்றி மனோஜிடம் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"பெரியம்மா சொல்றதெல்லாம் நெசமுங்களா மாப்ள? கடைசியா என்னதான் சொன்னா?"

இல்லை என்றேன். அவள் விழுந்த அன்று காலையும் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. என் கையில் பழைய ஹெட்போன். அவள் கதவருகே நின்று சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"இப்பவே மாட்டிப்போடாதீங்க, சூடாகட்டும். தொட்டி வழியுது, மோட்டார நிறுத்திப்போட்டு வாரேனுங்க."