வறடிக்கல்

வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. கிருத்திகா தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். திருச்செங்கோட்டு மலை உச்சியில் விளிம்போரம் நிற்கும் வறடிக்கல்லை அவள் இன்று சுற்றிவர வேண்டும். பிள்ளையில்லாத பெண்கள், ஊர்ப்பேச்சில் வறடிகள், சுற்றுகிற கல். கால் தவறினால் பாதாளம். மாமியார் வசந்தாமணியின் வேண்டுதல்.

அவள் புருஷன் அர்த்தநாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இடது கால் இழுத்தது. நேற்று சேலத்து நரம்பு டாக்டர் சொன்னது இன்னும் காதுக்குள் கொதித்தது. இரண்டு வருடமாகப் பார்க்கிறார். கண் மங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, மூத்திரம் அடக்க முடிகிறதா, எல்லாம் கேட்டார். கட்டிலில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நேற்று அவனே கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டான். அவர் அவனுடைய மூளை ஸ்கேன் படத்திலிருந்த வெள்ளைத் தழும்புகளைத் தொட்டுக் காட்டினார்.

"மூளையில இருந்து போற சேதி இந்த மாதிரி இடத்துல அறுந்துபோகுது. இந்த நோய் வந்த ஆம்பளைங்க நிறைய பேருக்கு இருக்கறதுதான். மருந்து குடுத்துப் பாக்கலாம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமுங்களே."

அவர் பேனாவை மூடினார்.

இருக்கிறதுதானாம். லாட்ஜில் ரூம் போட்ட வைத்தியன் சின்ன வயசுக் கெட்ட பழக்கம் என்று சொல்லி லேகியம் விற்றான். அவன் வேலை பார்த்த, போர் போடுகிற ரிக் வண்டிப் பட்டறையில், பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள், பாதி ஆம்பளை என்று சிரித்தார்கள். வறடி என்ற சொல்லை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"நீ எதுக்குச் சாமி எந்திரிச்ச? நாங்க போயிட்டு வாரோம்" என்றாள் வசந்தாமணி.

"அவ வர்ல."

"ஏன், தீட்டா?"

"கொற எனக்குத்தாம்மா."

"ஆம்பளைக்கு என்ன கொற? காலு சரியானா எல்லாஞ் சரியாயிரும். மெல்லப் பேசு, ஆட்டோக்காரன் நிக்கறான்."

"கேக்கட்டும்."

"உடுங்க" என்றாள் கிருத்திகா, தலை நிமிராமல். "நான் சுத்திட்டு வந்தர்றேன்."

அந்தச் சொல்தான் அவனைச் சுட்டது. பீரோ மேலிருந்த உறையைக் கிழித்து ஸ்கேன் படத்தை உருவினான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "இங்க பாரும்மா. இதத்தான் சுத்தோணும்."

வசந்தாமணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். படத்துக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே மலை. அதன்மேல் அவன் தலைக்குள்ளிருந்த வெள்ளைத் தழும்புகள் வந்து ஒட்டியிருந்தன. அவன் கை நடுங்க, மலையும் ஆடியது.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். கிருத்திகா தேங்காய்ப் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, படத்தின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.