தெகுசிகல்பாவுக்குப் பதினாறு பேர்

பார்த்திபன் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தான். மேல்தொட்டி நிரம்ப இருபத்தேழு நிமிடம் ஆகும். அதுவரை எழுந்திருக்க மாட்டான், போன் பார்க்க மாட்டான், பால்காரர் கூப்பிட்டாலும் போக மாட்டான். மேலே முதல் சொட்டு வழிந்ததும் அணைப்பான். பிறகு டீ, பிறகு சிறுசேரிக்கு ஆபீஸ் பஸ். மனைவி வசுமதி செத்துப் பதினோரு மாதமாக இப்படித்தான்.

அன்று ஞாயிறு. பஸ் இல்லை, மோட்டார் உண்டு. ஒன்பதாவது நிமிடத்தில் கார் ஒன்று வந்து நின்றது. மாமியார் பூவாயி, மைத்துனன் சரவணகுமார், கேளம்பாக்கத்தில் டிராவல்ஸ் நடத்தும் பக்தவத்சலம் மூவரும் இறங்கினார்கள்.

"உள்ள வாங்க மாப்ள, பேசணும்" என்று பூவாயி அவன் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

வருஷப் படையலுக்கு இன்னும் ஐந்து வாரம். செத்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைக்க வேண்டும். அதிரசம் என்றால் அதிரசம், நெத்திலி என்றால் நெத்திலி. வசுமதி ஆசைப்பட்டது தெகுசிகல்பா. மத்திய அமெரிக்காவில், ஹோண்டுராஸ் நாட்டின் தலைநகரம். அதை இலையில் வைக்க முடியாது.

சாவு வீட்டில் பூவாயி, "எம்பொண்ணு கடைசியா இன்னா சொன்னா மாப்ள?" என்று கேட்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க ஆபீசில் பார்த்திபன் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஊர் என்ற கட்டத்தில் எதை அழுத்தினாலும் தெகுசிகல்பா என்றே வந்து நின்றது. அவன் வாயிலும் அதுதான் வந்து நின்றது. "தெகுசிகல்பா பாக்கணும்னா" என்றான். பூவாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு திருத்துவதற்கு ஒரு நேரம் வாய்க்கவே இல்லை.

பக்தவத்சலம் பைலைப் பிரித்தார். "சார், மூணு பிளைட் மாறணும். ஒருத்தரா போனா மொட்டையடிச்சிருவான். பதினாறு பேர்னா க்ரூப் ரேட்டு."

"பதினாலு பேரு ரெடி மாமா" என்றான் சரவணகுமார். "செங்கல்பட்டு பெரிப்பாவுக்கு பாஸ்போர்ட்டே வந்துட்ச்சி."

"அவரு எதுக்குடா?" என்றான் பார்த்திபன்.

"ரேட்டு கொறையத்தான்."

"தங்கறது?"

"லாட்ஜ் எதுக்கு? ஒரு கல்யாண மண்டபம் புடிச்சிக்கலாம்."

"அங்க மண்டபம் இருக்குமா?"

"கல்யாணம் பண்ணாமயா மாமா இருப்பானுங்க?"

பூவாயி குறுக்கே வந்தாள். "மூணு நாளைக்குப் புளிசோறு கட்டிக்கலாம். அப்பாலிக்கு அங்கயே அடுப்பு மூட்டிக்கலாம்."

"பிளைட்ல அடுப்பு ஏத்த மாட்டாங்கம்மா" என்றார் பக்தவத்சலம்.

"மூணு செங்கல்லு கெடைக்காதா அந்த ஊர்ல?"

பக்தவத்சலம் யோசித்தார். "அது கெடைக்கும்" என்று பைலில் எழுதிக்கொண்டார். "அமெரிக்கா வழியா போனாத்தான் சீப்பு. அதுக்கும் விசா வாங்கணும். எதுக்குப் போறீங்கன்னு கேப்பாங்க."

"படையலுக்குன்னு சொல்லு" என்றாள் பூவாயி. பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். "திருப்பதி போறாப்புல நெனச்சிக்கோங்க மாப்ள. கொஞ்சம் தூரம், அவ்ளோதான். அட்வான்ஸுக்கு மாடு ரெண்டையும் வெல பேசிட்டேன். ஒம்போது மணிக்கு வண்டி வருது."

"கறவை மாடு அத்தை. உங்க சாப்பாடே அதுலதான..."

"பொண்ணே பூட்ச்சி. மாடு இன்னாத்துக்கு?"

கடிகாரத்தில் ஆறே முக்கால். அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. முதல் சொட்டு எப்போதோ விழுந்திருந்தது. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து தண்ணீர் நேராகப் பக்தவத்சலத்தின் கார்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்திபன் ஓடினான். சுவிட்சை அணைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பின்னாலேயே வந்த பூவாயி அவன் கையைப் பார்த்தாள். "தண்ணிதான போச்சு மாப்ள? இதுக்குப் போயி ஏன் சுவிட்சப் புடிச்சிக்கினே நிக்கிறீங்க?"

"அத்தை, மாடு ஏத்த வர்ற வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

"அவ அந்த ஊர் பேரைச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"இன்னா மாமா இது! பதினாலு பாஸ்போர்ட்டு மாமா!" என்றான் சரவணகுமார்.

"நீ சும்மா இர்றா" என்றாள் பூவாயி. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "பின்ன இன்னா சொன்னா?"

பார்த்திபன் சொன்னான். செத்த அன்று காலை டெங்கு காய்ச்சலோடு அவள் எழுந்து நடமாடியது, வாசலில் விழுந்தது, ஆட்டோ பிடித்தது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியது. கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடி அவன் வீட்டுக்கு வந்தான். போக வர நாற்பது நிமிடம். திரும்பிப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"இன்னா சொன்னா?" பூவாயி மறுபடி கேட்டாள்.

"'மோட்டாரைப் போட்டுட்டு வந்துட்டேங்க, ரொம்பி ஊத்திக்கினு இருக்கும். போய் நிறுத்திட்டு வாங்க. நான் எங்க போவப் போறேன்.'"