அம்புக்குறி போட்ட கல்

“எழுத்துல வலம்னு தாங்க இருந்துச்சு. நான் எழுத்தைத்தான் பார்த்தேன்.”

“பக்கத்துலயே அம்புக்குறி போட்டிருந்தேனேண்ணா.”

“அது தப்பா விழுந்திருக்குன்னு நெனச்சேன் மேடம். கம்ப்யூட்டர்ல போடறது தானே. எங்கனா கை பட்டிருக்கும்.”

இருவருக்கும் நடுவில் தரையில் அந்தக் கல் பதிந்திருந்தது. சாம்பல் நிறத்தில் சதுரமான கல். அதன் முகத்தில் ஓர் அம்பு செதுக்கியிருந்தது. வாசலில் நுழைகிறவர்கள் பூங்காவை எந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்று காட்டுவதற்கான கல் அது. அபிநயா வரைந்த படத்தில் அம்பு வலது கைப் பக்கம் பார்த்தது. கல்தச்சர் சகாதேவன் பதித்த தரையில் இடது கைப் பக்கம் பார்த்தது.

“வலம்னா ரைட்டு சைடுண்ணா,” என்றாள் அபிநயா.

“ரைட்டு சைடுன்னா சோத்தாங்கைப் பக்கம்னு எழுதணும். வலம்னா வலம்.” அவர் கையிலிருந்த கரணையால் அலுவலகக் கட்டடங்களுக்கு மேலே தெரிந்த அண்ணாமலையைக் காட்டினார். “அதை எப்படிச் சுத்தறமோ அப்படி. சாமி சோத்தாங்கைப் பக்கம் வரணும்னா ஆளு பீச்சாங்கைப் பக்கமாத்தான் திரும்பணும். நீங்க அடி அண்ணாமலைப் பொண்ணு. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அந்தச் சொல்லை அவள் யோசித்துத்தான் எழுதியிருந்தாள்.

“மாத்திப் போடுன்னு சொன்னா போடறேன். கூலிக்கு வந்தவன்,” என்றார் சகாதேவன். “ஆனா இடமா சுத்தறது சாவுக்குத்தான்னு ஊருக்கே தெரியும். எங்கப்பா இன்னும் உயிரோட இருக்காரு மேடம். என் கையால அது வேணாமேன்னு பாக்கறேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கல்லின் மேல் படிந்திருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தார். இன்னும் கலவை ஊற்றி இடுக்குகளை அடைக்கவில்லை. சாயங்காலம் அடைத்துவிட்டால் பிறகு கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை திறப்பு விழா.

பெருந்தொற்றுக் காலத்தில் பணியில் இருந்தபோது இறந்துபோன அரசு ஊழியர்களுக்காக அந்த நினைவுப் பூங்கா. அலுவலகங்களுக்குப் பின்னால் பறிமுதல் செய்த மணல் லாரிகளும் ஓட்டத்துக்கு ஆகாத ஜீப்புகளும் நின்றிருந்த இடத்தைச் சுத்தம் செய்து அமைத்தார்கள். நடுவில் பெயர்கள் வெட்டிய கருங்கல். அதைச் சுற்றி வட்டமாக ஒரு நடைபாதை. பாதையோரம் மகிழங்கன்றுகள். அலுவலகத்தில் வரைவாளராக இருக்கும் அபிநயாதான் படம் முழுவதையும் வரைந்தாள். அது அவளுக்கு வந்த வேலை. அவள் கேட்டு வாங்கவில்லை. ஆனால் வந்த பிறகு வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வரைந்தாள்.

அந்தக் கருங்கல்லில் அவளுடைய அப்பா மணிவேலின் பெயரும் இருந்தது. சுகாதாரத் துறையில் ஜீப் ஓட்டியவர். இரண்டாவது அலையில் போய்விட்டார். தலை முதல் கால் வரை மூடிய உடையில் வந்தவர்கள், இறுகக் கட்டிய உடலைத் தகன மேடைக்குள் கொண்டுபோனார்கள். குடும்பத்தார் கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கொள்ளிக்குடம் கிடையாது. அவரை யாரும் சுற்றி வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்த வழியே திரும்பிப் போனது. அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஒருமுறை, பெரியப்பாவின் காரியத்தை அவள் கிணற்று மேட்டில் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறாள். பெண் பிள்ளைகள் அங்கே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரையில் அப்பா தோளில் குடத்தோடு சிதையை இடமாகச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஒருவர் நடந்து, சுற்றுக்கு ஒரு முறை குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் மண்ணில் ஒரு வட்டத்தை வரைந்துகொண்டே போனது. கடைசியில் அப்பா குடத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஏன் தப்பான பக்கமாகச் சுற்றினீர்கள் என்று மறுநாள் அப்பாவிடம் கேட்டாள். அவர் அப்போது ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனரை அவள் கையில் கொடுத்து நட்டின் மேல் வைக்கச் சொன்னார். “இந்தப் பக்கம் திருப்பினா முடுக்கறது. அந்தப் பக்கம் திருப்பினா கழட்டறது. அவ்ளோதான் பாப்பா.” அவள் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினாள். நட்டு அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அவளுடைய கையின் மேல் தன் கையை வைத்து அழுத்த, அது இடப்பக்கமாக மெல்லச் சுழன்றது.

அப்பாவின் விஷயத்தில் அந்த நட்டு கழலவே இல்லை என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வீட்டில் அவருடைய சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அம்மா ராஜம்மாள் வாரத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் அங்கேயே மாட்டினாள்.

அதனால்தான் பூங்காவை அப்படி வரைந்தாள். நுழைந்ததும் வலது கைப் பக்கம் திரும்பி நடந்தால் நடுக்கல் இடது கைப் பக்கம் வரும். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வந்து காத்திருப்பவர்கள் தினமும் நூற்றுக்கணக்கில் அங்கே நடப்பார்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு சுற்று இடமாகச் சுற்றிவிட்டுப் போவார்கள். அத்தனை கைகள் சேர்ந்து திருப்பினால் கழலாதா என்று நினைத்தாள். வலது பக்கம் சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதை இருப்பதால் அப்படி வைத்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். படத்தைப் புரட்டும் மேலதிகாரிகள் யாருக்கும் அது உறுத்திவிடக் கூடாது என்பதற்காக, அம்புக்குறிக்குப் பக்கத்தில் ‘நுழைந்ததும் வலம்’ என்று மங்களமாக எழுதிவைத்தாள்.

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தமோ அதன்படியே கல்லைப் பதித்துவிட்டார்.

உதவிப் பொறியாளர் அறிவுச்செல்வன் வந்து பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து இன்னும் வருஷம் ஆகவில்லை. அபிநயா சாய்வுப் பாதையைப் பற்றிச் சொன்னாள். அவர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, சாய்வு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊழியர்கள் இப்போதே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், சிலர் செருப்பைக்கூடக் கழற்றிவிடுகிறார்கள், இதைப் போய் மாற்றினால் தன்னைத்தான் ஊரே திட்டும் என்றார்.

“தப்புன்னாலும் சரியா வந்த தப்புல்லா இது,” என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “சாய்வுப் பாதை காரணம் இல்லம்மா. வேற காரணம் இருந்தா சொல்லு. இப்பவே மாத்தச் சொல்லிருவோம்.”

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. இந்த வேலையே அப்பா போனதற்காகக் கருணை அடிப்படையில் கிடைத்ததுதான். சேர்ந்த முதல் நாள் ஆணையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தச் சாவைப் பற்றி இந்த வளாகத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இன்றும் பேச வரவில்லை. ஒன்றுமில்லை சார் என்றாள். அவர், சாயங்காலம் சகாதேவன் பூசிவிடுவார், அதற்குள் ஏதாவது இருந்தால் நேராக அவரிடமே சொல்லிவிடு என்றுவிட்டுப் போனார்.

பிற்பகலில் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த குடை. பெயர் தர்மசந்திரன் என்றும், கருங்கல்லில் இருக்கும் ராஜமதி தன் மனைவி என்றும் சொன்னார். கிராமச் செவிலியராக இருந்தவர். திறப்பு விழாக் கூட்டத்தில் சரியாகப் பார்க்க முடியாது, இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். அபிநயா அவரை உள்ளே அழைத்தாள். அவர் செருப்பை வாசலில் விட்டார். குனிந்து அம்புக்குறியைப் பார்த்தார். அது காட்டிய பக்கம் திரும்பி, நடுக்கல்லை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்தார். மகிழங்கன்று ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் நின்றார். சுற்றி முடித்து அவளிடம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“நாங்க சமணங்க. எங்க ஜினாலயத்துலயும் இப்படித்தாம்மா சுத்தி வருவோம். இத்தனை நாளா எங்க போய் நின்னு அவளை நெனைக்கறதுன்னே தெரியல. இனிமே இங்க வந்துடுவேன். யார் போட்டது இந்தப் பாதை?”

நான்தான் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சகாதேவன் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். பெரியவர் அவரிடம் போய் ஏதோ சொன்னார். சகாதேவன் எழுந்து நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் நினைத்தபடி அம்பு திரும்பியிருந்தால் இந்த மனிதர் தன் மனைவியை, தனக்கே தெரியாமல், இன்னும் ஒருமுறை அனுப்பிவைத்திருப்பார். அவர் வந்தது அதற்காக இல்லை. அவர் அந்த நட்டைக் கொஞ்சம் முடுக்கிக்கொண்டு போக வந்திருந்தார்.

பெரியவர் போன பிறகு அபிநயா தனியாக அந்தப் பாதையில் இறங்கினாள். வலது கைப் பக்கம் திரும்பி நடந்தாள். எதிரே அலுவலகப் பெண்கள் கூட்டமாக, பேசிக்கொண்டே வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டார்கள். தட்டச்சர் கீதாஞ்சலி அவளைப் பார்த்து, “ஒன்வேல எதிர்ல வரீங்க மேடம், ஃபைன் போட்டுடப் போறாங்க,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இது அவளுக்குப் பழக்கமானதுதான். பள்ளிக்கூடம் ரமணாசிரமம் போகும் வழியில். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்கூட வலம் வருகிறவர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பார்கள். புத்தகப் பையோடு அவள் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடப்பாள். “எதிர்சுத்து வராத பாப்பா,” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஸ்கூலு அந்தப் பக்கம்தான் இருக்கு என்பாள். அப்படி எத்தனையோ காலைகள் மலையை இடது கைப் பக்கம் வைத்து நடந்திருக்கிறாள். அதனால் மலைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவளுக்கும் ஆகவில்லை. தனியாக எதிரே நடப்பது வெறுமனே நடப்பதுதான்.

பாதி வட்டத்தில் நின்றுவிட்டாள். ஏரிக்கரையில் பார்த்தது மறுபடியும் நினைவுக்கு வந்தது. அப்பா முன்னால் போனார். பின்னால் ஒருவர் போனார். அந்தப் பின்னால் போனவர் யார் என்று அவளுக்கு இப்போது நினைவில்லை. உறவுக்காரராகக்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் இல்லாமல் குடத்தில் ஓட்டை விழுந்திருக்காது, தண்ணீர் வெளியே வந்திருக்காது. பின்னால் வர ஒருவர் போதும். இவ்வளவு நாள் ஆயிரம் பேரைத் தேடிக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது சகாதேவன் சட்டியில் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி மலையின் ஒரு பக்கம் கருத்திருந்தது. அவள் அவருக்கு எதிரே, அம்புக்குறிக் கல்லுக்கு இந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்தாள். மேடம் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து அவர் ஒரு சாக்கை எடுத்து நகர்த்தினார். அவள் வேண்டாம் என்றாள்.

“கல்லைத் திருப்ப வேணாம்ண்ணா. நீங்க போட்டதுதான் சரி. அப்படியே இருக்கட்டும்.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். கரணையில் கலவையை எடுத்தார்.

“எங்கப்பா பேரு அந்தக் கல்லுல இருக்குண்ணா.”

கரணை சட்டிக்கு மேலேயே நின்றது. எந்தப் பேர் என்று கேட்டார். சொன்னாள். அவர் கழுத்தைத் திருப்பி நடுக்கல்லைப் பார்த்தார். அதைத் தூக்கி நிறுத்தியதும் அவர்தான்.

“அன்னிக்கு யாரையும் உள்ள விடலை. கேட்டுக்கு வெளியவே நின்னோம். அவரை யாரும் சுத்தலைண்ணா.”

சகாதேவன் கலவையை மறுபடியும் சட்டியில் வழித்துவிட்டு, கரணையின் விளிம்பைச் சாக்கில் மெதுவாகத் துடைத்தார். அலுவலகங்களில் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

“கொஞ்ச நேரத்துல எல்லாரும் போயிடுவாங்க,” என்றாள் அபிநயா. “அதுக்கப்புறம் நீங்க பூசிக்கலாம். உங்கப்பா நல்லா இருக்கணும்னு நீங்க காலைல சொன்னதை நான் மறக்கலை. முடியாதுன்னா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். நான் முன்னாடி போறேன். தனியாப் போனா அது சும்மா நடக்கறதுண்ணா, பின்னாடி ஒரு ஆளு வரணும். அந்தக் கல்லு பீச்சாங்கைப் பக்கம் வர மாதிரி, இடமா மூணே சுத்து. என் பின்னாடி வரீங்களாண்ணா?”