பதினேழாம் கேள்வி

ஒப்புமைக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு நல்ல மனது இருக்க முடியாது. சரியான விடையை ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். அதன் பக்கத்தில் உட்காரும் தவறான விடைகளுக்குத்தான் மூளை வேண்டும். பொந்தியானாக்கில் அரசுப் பணித் தேர்வுக்காகப் பதினோரு வருடமாக நான் செய்வது அந்த வேலைதான்.

போன வருடம் கேள்விகள் வெளியே போய்விட்டன. இந்த முறை பொறி வைக்கலாம் என்று மேலதிகாரி பாக் தாமினிடம் யோசனை சொன்னவளும் நான்தான். கேள்விகளைச் சரிபார்ப்பவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். நால்வருக்கும் ஒரே கேள்விக் கட்டு. பதினேழாம் கேள்வி மட்டும் ஆளுக்கு வேறு வேறு, அதற்குச் சரியான விடை என்று வேண்டுமென்றே ஒரு தப்பானதைக் குறித்திருந்தோம். நியாயமாக இருக்கட்டும் என்று என் கட்டிலும் ஒன்று வைத்தோம். எந்தப் பதினேழு வெளியே வருகிறதோ, அந்தக் கட்டை வைத்திருந்தவர் மாட்டுவார். அதே கேள்வி தேர்விலும் வரும். யோசிக்கத் தெரிந்த எவரும் தொடாத அந்த விடையைக் குறிப்பவர்களின் பெயர் தனிப் பட்டியலுக்குப் போகும். பிறகு அரசு வேலையை மறந்துவிட வேண்டியதுதான். நால்வரில் ஒருவனான ருஸ்தம் புது பைக் வாங்கியதிலிருந்தே அவன்மேல் எனக்கு ஒரு கண். அவன்தான் மாட்டுவான் என்று உள்ளூர சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று புகை மோசம். காட்டுப் பக்கம் தீப்பிடித்து, இலைதழை மட்கிய சதுப்பு மண்ணே எரிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கே கப்புவாஸ் ஆற்றின் அக்கரை தெரியவில்லை. வீட்டில் என் தங்கை ஜுலேஹா முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பொரித்த வாழைப்பழத்தைக் கடித்தபடி படித்துக்கொண்டிருந்தாள். பத்து வருடமாகத் தற்காலிக ஆசிரியை. வயது முப்பத்தைந்து, அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு.

பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள் என்று ஒரு ஜெராக்ஸ் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இந்த விடைல ஏதோ தப்பு இருக்குக்கா. கடிவாளம் குதிரையத் திருப்பும். சுக்கான் படகத் திருப்பும். நான் சுக்கான், படகுன்னு போட்டேன். இவங்க வலை, மீனுங்கறாங்க. வலை எங்கக்கா மீனத் திருப்புது?"

தாளை வாங்கி இன்னொரு முறை வாசித்தேன். அது ருஸ்தமின் பதினேழு அல்ல, என்னுடையது. என் கட்டு அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சாவி தலையணை உறைக்குள். அது தெரிந்தவர் இன்னொருவர்தான்.

அந்த விடையைத் தொடாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நானும் கேள்வியை வெளியே விட்டவள் ஆவேன். சொல்லாவிட்டால் ஜுலேஹாவின் பெயர் பட்டியலுக்குப் போகும். தாளை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

படகு ஓட்டிவிட்டு என் கணவர் இஸ்கந்தர் இருமிக்கொண்டே வந்தார். ஒப்புமைக் கேள்வி என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷர். அவரை அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுச் சீண்டுவதில் ஜுலேஹாவுக்கு எப்போதும் குஷி.

"அபாங், கடிவாளம், குதிரை. இதுக்கு என்ன போடுவீங்க?"

அவர் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை.

"வலை, மீன்."

நான்கு விடைகளில் ஒன்றைக்கூட அவள் இன்னும் வாசித்திருக்கவில்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த தாளை. எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது.

"தாள்ல இருக்கறத அப்படியே எழுதும்மா," என்றார் அவளிடம், மெதுவாக. "உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் செய்திருக்கிறார். அந்தப் பயிற்சி வகுப்பு அவருடைய நண்பருடையது; அவளுக்கென்று கொடுத்ததை நண்பர் ஊருக்கே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்.

அபாங் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜுலேஹா என்னிடமிருந்து தாளை வாங்கினாள். ரப்பரை எடுத்து, தான் எழுதியிருந்த சுக்கானை அழிக்க ஆரம்பித்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அழிக்காத. நீ போட்டதுதான் சரி. தேர்வுல வரும்போதும் அதையே போடு."

"தேர்வுல வருமா?" என்று கேட்டாள், கண்கள் விரிய.

அதுவரை இந்த வீட்டில் ஒருவர்தான் திருடியிருந்தார். மேசைமேல் என் தொலைபேசி அதிர்ந்தது. பாக் தாமின்.