தீப்பிடிக்காத பஸ்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மலையடிவாரத்தில் குமாக்கா என்ற ஊரின் சர்ச் வாசலில் பசியோடு நின்றுகொண்டிருந்தேன். மணப்பெண் லிகாயா தேங்காய் லாரியின் மேலிருந்து வெள்ளைக் கவுனோடு இறங்கினாள். விசாரிக்காமல் எப்படி இருப்பது?

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: “மலைச்சாலை வளைவில் பஸ் தீப்பற்றி

[அங்கேயே நிறுத்திவிட்டேன். பற்றவில்லை.]

2

லிகாயா பஸ் கண்டக்டர். அவள் வேலை பார்க்கிற பஸ்ஸையே முதலாளி கல்யாணத்துக்கு இலவசமாக விட்டிருந்தார். ஓட்டியவர் பெர்மின், எப்போதும் அவளோடு வண்டியில் போகிற டிரைவர். மணப்பெண் என்று சொல்லி உட்கார வைத்தாலும் லிகாயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியருகே நின்று, அத்தைமார்களை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லி அதட்டினாள். கடைசி சீட்டில் வாழையிலை போர்த்திய, விருந்துக்குச் சுட்ட முழுப்பன்றி.

பாதி மலையில் டிப்போவிலிருந்து போன். லிகாயாதான் எடுத்தாள். அந்த ரகப் பஸ்களையெல்லாம் தயாரித்த கம்பெனியே திரும்பக் கூப்பிடுகிறதாம். டீசல் குழாய் ஓர் இரும்புத் தாங்கியில் உரசித் தேய்கிறது; கசிந்தால் சூடான எஞ்சின்மேல் சொட்டும். இனி ஓட்டவே கூடாது.

[பெர்மினை ஒரு பிரதியில் பொறுப்பில்லாதவராக எழுதினேன். அடித்துவிட்டேன். அவருக்கு அந்தப் பெண்ணின் கல்யாணம் நடக்கவேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளை ரோமெலுக்குக் கப்பலில் வேலை. மறுநாள் கிளம்பினால் அடுத்த வருடம்தான் வருவான். பாதிரியாருக்கோ மதியம் வேறு ஊரில் பூசை.]

“போனே வரலைன்னு வச்சுக்குவோம் தங்கச்சி,” என்றார் பெர்மின். “மலை இறங்கினா சர்ச். என் வண்டி எனக்குத் தெரியாதா?”

லிகாயா திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. டீசல் வாசனை அடிக்கிறதா என்று மூச்சை இழுத்தாள்; பன்றி வாசனைதான் வந்தது. காசை எடுத்துக் கம்பியில் டக்டக்கென்று தட்டினாள். கண்டக்டர் தட்டினால் டிரைவர் நிறுத்தவேண்டும்.

“மாப்பிள்ள கப்பலேறிடுவான்மா.”

“ஏறட்டும். இறங்கி வருவான்ல? நிறுத்துங்கண்ணே.”

கால் தானாக பிரேக்குக்குப் போனது என்கிறார் பெர்மின்.

3

எல்லோரையும் இறக்கிவிட்டு, கல்யாணச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார் பெர்மின். வெளியே வந்தபோது கை ஈரமாக இருந்தது. ஏ.சி. தண்ணீர் என்று துடைத்துக்கொண்டார். முதலில் வந்த தேங்காய் லாரியை மறித்து லிகாயா ஏறினாள். மற்றவர்கள் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். பன்றிக்கு ஐஸ் வண்டி கிடைத்தது.

இங்கே சர்ச்சில் பாதிரியார் கிளம்பத் தயாராக இருந்தார். ரோமெலின் அம்மா சூடான அரிசிக் கேக்கை அவர் தட்டில் வைத்தார். தின்று முடித்து எழுந்தால் இன்னொன்று. அவர் ஐந்தாவதை மறுக்கத் தெரியாமல் விழித்தபோது லாரி வந்தது. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தோளில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது, யாரும் தட்டிவிடவில்லை.

4

பஸ் சாலையோரத்திலேயே நின்றது. பிறகு வந்த மெக்கானிக் பழைய குழாயைக் கழற்றி, பார்க்கக்கூட விடாமல், கம்பெனிக்கு அனுப்ப எடுத்துப்போய்விட்டார். ஆகவே எனக்கு முடிவு கிடைக்கவில்லை. தீ வைத்தும் எழுதிப் பார்த்தேன்: வாசகர் மிரளுவார். ஆனால் அத்தைமார்களில் யாரைக் கொளுத்துவது? எல்லோரும் எனக்குச் சோறு போட்டவர்கள்.

ஒன்றும் ஆகியிருக்காது, அது தண்ணீர்தான் என்று பெர்மின் இன்றும் சாதிக்கிறார். டீசல்தான் என்கிறாள் லிகாயா. இருவரும் புதுக் குழாய் போட்ட அதே பஸ்ஸில் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். பயணிகளும் கட்சி பிரிகிறார்கள்.

யார் சொல்வது சரி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் சர்ச் வாசலில் என்னோடு நின்றுகொண்டு முடிவு செய்ய வேண்டாம். பஸ்ஸுக்குள் ஏறி, எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில், யாராவது ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: தட்டலாமா, போகலாமா?