திறந்த குழாயில் முப்பது

"என் தப்புதான் சார்," என்று பல் டாக்டரிடம் அக்காக்காரி சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லச் சொன்னவன் அவள் தம்பிக்காரன். டாக்டர் கத்தவில்லை. "நல்லா கத்துக்கிட்டு அப்புறம் கை வைங்கம்மா," என்றார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

இருவரும் சேர்ந்து நடத்தும் ஒர்க்‌ஷாப் அது. கம்பெனியிலிருந்து சாதுவாக வரும் கார்களைச் சீறிப் பாய வைப்பது அவர்கள் பிழைப்பு. ஸ்பானர் அக்காவுக்கு, லேப்டாப் தம்பிக்கு. டாக்டரின் காரில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற எஞ்சின். அதற்கு இருநூறு பார் அழுத்தம் வேண்டும். டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. எஞ்சினை முறுக்க முறுக்க அது இன்னும் பெட்ரோல் கேட்கும். பம்ப்பால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் அழுத்தம் சரியும். பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி பிஸ்டனே உருகிவிடும். அதற்குப் பயந்துதான் அக்காக்காரி பெரிய பம்ப்பாகத் தேடிப்பிடித்து மாட்டினாள்.

சோதனை ஓட்டத்தில் அவள் ஓட்டுவாள். தம்பிக்காரன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திரையில் தெரியும் அழுத்த எண்ணை வாசிப்பான். அன்றும் அப்படித்தான். "எரநூறுக்கா! மிதி, மிதி! எரநூறு, அசையவே இல்ல!" என்று கூவினான். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவன் வாசிக்கும்போது எட்டிப்பார்க்க அவளுக்கென்ன பைத்தியமா?

அடுத்த வாரமே நெடுஞ்சாலையில் டாக்டர் ஒரு மிதி மிதிக்க, மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. "பம்ப்பை மாட்டினதுலதான் கோளாறு," என்று தம்பிக்காரன் அதே இடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டான். அக்காக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. எந்த நட்டை விட்டோம், எந்த சீலைக் கிழித்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். வந்த ஒன்றிரண்டு வண்டிக்காரர்களும் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அக்கா வேணாம், நீங்களே பாருங்க," என்று காதைக் கடித்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. தன் கைகளைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

தப்பைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்து, தம்பி சாமான் வாங்கப் போயிருந்த ஒரு பகலில் பம்ப்பைக் கழற்றப் போனாள். டேங்க்குக்குள் இருக்கும் இன்னொரு பம்ப் ஓடாமலிருக்க அதன் ஃபியூஸைப் பிடுங்கினாள். அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்க்க சாவியைத் திருப்பி லேப்டாப்பைத் திறந்தாள். முப்பது என்றது. இத்தனை நாள் சும்மா கிடந்த வண்டியில் முப்பதா? துணியைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நட்டைத் தளர்த்தினாள். பீய்ச்சவில்லை, நாலு சொட்டு வடிந்தது, அவ்வளவுதான்.

குழாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. திரையில் இன்னும் முப்பது.

சென்சார் போய்விட்டதோ என்று அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினாள். அதுவும் முப்பது என்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சென்சார் எதைச் சொன்னாலும் முப்பதைக் கூட்டிக் காட்டும்படி காரின் கம்ப்யூட்டரில் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அன்று இருநூறு என்று அவன் கூவியபோது உள்ளே இருந்தது நூற்றெழுபதுதான். எழுதத் தெரிந்தவன் அந்தக் கடையில் ஒருவன்தான்.

அவன் வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பிவைத்தாள். அவன் குழாயைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"பவரை ரொம்ப ஏத்திட்டேன்க்கா. பம்ப்பு தாங்கல. குறைச்சா டாக்டர்கிட்ட அடிச்ச பீத்தல் என்னாவறது? கொஞ்சம் மறைச்சா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"அது போகட்டும். பழியை ஏன்டா என் தலையில கட்டினே?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "நான்னா அவர் சும்மா விடமாட்டாரு. நீன்னா... பொம்பளை, ஏதோ தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாருன்னு நினைச்சேன்."

டாக்டர் அப்படியேதான் விட்டிருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும்; இவனை எங்கே போய் மாற்றுவது?

அவன் அழுதான். காலில் விழப் போனான். பாழாய்ப்போன பாசம், அவளும் கொஞ்சம் இளகிவிட்டாள். "எழுந்திரு. அவர்கிட்ட உன் வாயாலயே உண்மையைச் சொல்லிடு. அது போதும்," என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினான். அவளே டாக்டரின் நம்பரை அழுத்தி, மணி அடித்ததும் போனை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

"சார், வணக்கம். ஒண்ணுமில்ல... அக்கா இன்னொரு தடவை உங்ககிட்ட ஸாரி சொல்லணும்னாங்க," என்றான்.